இடது பக்கம் பேசவில்லை

அத்தியாயம் 17

கிரேன்காரரைத் திட்டி வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. "பெண்டாட்டி நாலு தடவை கேட்டால் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாத மனுஷனுக்கு அப்படி என்ன திமிர்?" என்று ஒரு வாசகி சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூடவே குடும்பம் நடத்தும் தையல்காரிக்கே மூன்று மாதமாக அப்படித்தான் பட்டது. போன வாரம் அவள் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனபோது நானும் அவள் பக்கம்தான் நின்றேன்.

அந்தக் கடிதங்களை இந்த வாரம் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே கிரேன்காரர் வாங்கியது. தூசு துடைக்கக்கூட அதை யாரும் தொடக் கூடாது. பின்னாலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயர்களிலும் ஹெட்போனிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ' என்று அவர் கையாலேயே எழுதி வைத்திருப்பார். வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பாட்டு கேட்டால்தான் மனுஷனுக்கு உடம்பு கீழே இறங்கும். பகல் முழுக்க இருபது மாடி உயரத்தில் தொங்குகிறவர் அல்லவா.

மூன்று மாதமாக அவருக்கு ஒரே புகார். "ஹெட்போன்ல இடது பக்கம் பேசல."

இரண்டு தடவை ரிப்பேருக்குப் போய்வந்தது. இப்போது மூன்றாவது தடவை.

அன்று அவருக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட். தட்டு நங்கென்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு சரியில்லை. யாராவது ஒருவர் இறங்கி வரத்தானே வேண்டும்? பெட்டியை வாங்கிவந்து, ஒயரெல்லாம் மாட்டி, அவர் திரும்பி வரும்போது பாட்டு தயாராக இருக்கட்டும் என்று தையல்காரி நினைத்தாள். காலையிலேயே கடைக்குக் கிளம்பினாள்.

ரிப்பேர்க் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'ஈயம்' என்று பெயர். எந்நேரமும் ஈயம் உருகும் புகைக்கு நடுவில்தான் அவர் முகம் தெரியும்.

"மூணாவது தடவைம்மா," என்றார் ஈயம். "முதல் தடவை ஹெட்போன் சொருகுற இடத்தையே புதுசா மாத்தினேன். ரெண்டாவது தடவை உள்ள இருக்கிற ஈயத்தையெல்லாம் உருக்கித் திரும்ப வெச்சேன். இந்தத் தடவை ஒண்ணுமே செய்யல. செய்ய ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் சமமா பேசுது."

"பேசலேங்கறாரே அவர்."

"எங்கிட்ட பேசுது. அவர்கிட்ட பேசலேன்னா நான் என்னம்மா பண்றது?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் பேசாதது பெட்டி மட்டுமா?

"முன்பக்கத்துச் சத்தத் திருகு எதையும் நான் மாத்தி வைக்கல," என்று பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார் ஈயம். "அவர் கொண்டுவந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வெச்சிருக்கேன். ஏன் இப்படி வெச்சிருக்கார்னு மட்டும் அவரைக் கேளுங்க."

எப்படி வைத்திருக்கிறார் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சமாதான அவசரம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். கல்லூரிப் பரீட்சைக்கு லீவில் இருந்த மகள்தான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"அம்மா, நாம தொட்டோம்னு தெரிஞ்சா அப்பா நம்மள கிரேன்ல மாட்டித் தூக்கிடுவாரு."

"தூக்கட்டும். அப்பவாவது ரெண்டு வார்த்தை பேசுவாரு. நீ ஒயரைப் பாரு."

மகள் தரையில் குப்புறப் படுத்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. 'இ' இங்க, 'வ' அங்க. நுனியை நல்லா முறுக்கிக் குடும்மா. ஒரு இழை வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் பக்கத்துல பட்டுப் புகைஞ்சிடும்."

நுனி முறுக்குவதைத் தையல்காரிக்கா சொல்லித்தர வேண்டும்? ஊசியில் கோப்பதற்கு நூலைக் கூராக்குவதுபோல நாலு ஒயரையும் முறுக்கிக் கொடுத்தாள். மகள் ஒவ்வொன்றாகத் துளையில் விட்டுத் திருகினாள். பிறகு ஸ்விட்சைப் போட்டாள். சின்ன விளக்கு எரிந்தது. வேறு சத்தமே இல்லை. நாலைந்து நொடி கழித்து உள்ளே 'டிக்' என்றது.

தையல்காரி திடுக்கிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு அதுவே கதவைத் திறந்து விடுது. போன்ல பாட்டு வைக்கறேன். ஹெட்போனை நீயே போட்டுப் பாரு."

அவள் போட்டுக்கொண்டாள். மகள் போனில் விரலை வைத்தாள்.

இடது காதில் இடி விழுந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டாள் தையல்காரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. மடியில் கிடந்த ஹெட்போன் அப்போதும் அலறிக்கொண்டிருந்தது. அறைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக்கூட வார்த்தை வார்த்தையாகக் கேட்டிருக்கும்.

"சத்தத்தைக் குறைக்காமயே போட்டுட்டோம்," என்று மகள் பாய்ந்து நிறுத்தினாள். பிறகு திருகுகளைப் பார்த்தாள். சத்தத் திருகு முக்கால் வட்டத்தைத் தாண்டி நின்றது. அதன் பக்கத்தில் இருந்த பேலன்ஸ் திருகு, இடது ஓரத்துக்கு மேல் போக இடமில்லாத அளவுக்கு அழுத்தித் திருப்பப்பட்டிருந்தது.

"அம்மா, இது மொத்தச் சத்தத்தையும் இடது பக்கத்துக்கே அனுப்புற மாதிரி வெச்சிருக்கு."

"இடது பக்கம்தானே பேசலேன்னாரு?"

"அதான் எனக்கும் புரியல."

தையல்காரி ஹெட்போனை எடுத்தாள். "திருகு அப்படியே இருக்கட்டும். இன்னொரு தடவை போடு."

இந்த முறை காதில் வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்தாள். 'இ' என்று எழுதியிருந்த பக்கம் அலறியது. 'வ' என்று எழுதியிருந்த பக்கம் செத்துக் கிடந்தது. மகள் பேலன்ஸை மறு ஓரத்துக்குத் திருப்பினாள். 'வ' அலறியது. நடுவில் வைத்தாள். இரண்டும் சேர்ந்து அலறின. பெட்டியில் கோளாறு இல்லை. ஒயரில் இல்லை. ஹெட்போனிலும் இல்லை.

மகள் பாட்டை நிறுத்தினாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "தினமும் இவ்வளவு சத்தத்துலயாம்மா அப்பா உக்காந்திருந்தாரு? இதையே வரலேன்னா சொன்னாரு?"

தையல்காரி திரும்பினாள். அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலிக்கு இடது பக்கத்தில் அவளுடைய தையல் மெஷின். மூன்று மாதமாக அவள் கேட்ட கேள்வியெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டதுதான். சாப்பிடும்போது அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்காருவார். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் மாறுகிறார் என்று நினைத்து அழுதிருக்கிறாள். ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் அலாரம் தலைமாட்டில் கத்தினாலும் எழமாட்டார். கும்பகர்ணன் என்று கேலி செய்திருக்கிறாள். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திமிர் இல்லை. கேட்கவே இல்லை.

"அம்மா," என்றாள் மகள். முகம் வெளுத்திருந்தது. "மாமா கீழதானே நிக்கறாரு."

அதுவரை அவளுக்கு இருந்தது துக்கம். அந்த நிமிஷத்தில் அது பயமாக மாறியது.

மாமா என்றால் தையல்காரியின் தம்பி. ஆறு வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. அத்தான் கிரேன் கூண்டில் உட்கார்ந்து சுமையை இறக்குவார். மச்சான் கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்வான். முன்பு விசில் ஊதி வேலை பார்த்தவன் என்பதால் சைட்டில் எல்லோரும் அவனை 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்றுக்கூடப் போனில் சொல்லியிருந்தான்: "நாளைக்கு லிஃப்ட் மோட்டார் ரெண்டு இறக்கணும்க்கா. சுவருக்குப் பின்னால குழி. அத்தானுக்கு மேல இருந்து எதுவும் தெரியாது. நான் சொல்றதுதான் அவருக்குக் கண்ணு."

அவன் சொல்வது அவருக்குக் கேட்க வேண்டுமே.

கணவர் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தம்பி போனுக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. வேலை நேரத்தில் இருவர் போனும் பெட்டியில் பூட்டியிருக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெருமுனை வரை அடித்துக்கொண்டே ஓடினாள்.

சைட் கேட்டில் காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்திருக்கிறாள்.

"யூனிஃபார்ம் அளவெடுக்கவாம்மா? அது வெள்ளிக்கிழமைன்னாங்களே."

"இல்லீங்க. கிரேன்காரரைப் பார்க்கணும். நான் அவர் வீட்டுக்காரி."

"மேல் வீட்டுக்காரரோட வீட்டுக்காரியா?" காவலாளி தன் ஜோக்குக்குத் தானே சிரித்து, ஒரு நோட்டை நகர்த்தினார். "இதுல எழுதுங்க. லோடு இறங்கிட்டு இருக்கு. முடியற வரைக்கும் உள்ள விடமாட்டாங்க."

நோட்டில் நாலு கட்டம். பெயர் எழுதினாள். யாரைப் பார்க்க என்பதை எழுதினாள். உறவு எழுதினாள். நாலாவது கட்டத்தின் தலையில் 'வந்த காரணம்' என்று இருந்தது.

பேனா அங்கே நின்றுவிட்டது.

காரணத்தை எழுதினால் இன்றைக்கே அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். மறுபடி ஏற்றமாட்டார்கள். இருபத்தொரு வருஷமாக அந்தக் கூண்டைத் தவிர வேறு வேலை தெரியாத மனுஷன். பொண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். எழுதாவிட்டால் சுவருக்குப் பின்னால் அவள் தம்பி நிற்கிறான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டைத் திருப்பித் தள்ளினாள்.

காவலாளியின் மேசைமேல் ஒரு வாக்கி-டாக்கி கிடந்தது. அதில் தம்பியின் குரல் வந்தது.

"இறக்கு. இன்னும் எட்டடி. மெதுவா இறக்கு."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். உயரே கூண்டு. அதன் கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பவர் தெரியவில்லை. கிரேனின் நீண்ட கையிலிருந்து ஒரு இரும்புக் கயிறு இறங்கி, சுவருக்குப் பின்னால் மறைந்தது. சுமையும் தெரியவில்லை, தம்பியும் தெரியவில்லை. கயிறு இறங்குவது மட்டும் தெரிந்தது.

"நாலடி. இறக்கு. ரெண்டடி." பிறகு குரல் மாறியது. "நிறுத்து."

கயிறு ஓடியது.

"நிறுத்து."

கயிறு ஓடியது. காவலாளி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தையல்காரிக்குக் கத்த வாய் திறந்தது; சத்தம் வரவில்லை.

"அத்தான், நிறுத்துங்க."

கயிறு நின்றது.

வாக்கி-டாக்கியில் வெறும் இரைச்சல். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களில் ரத்தமே இல்லை. கடவுளே, ஒரு வார்த்தை பேசுடா, ஒரே ஒரு வார்த்தை.

"சரி. நின்னுடுச்சு." லேசாகச் சிரிக்கிற குரல். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டு, வலிக்கலேக்கா என்று அவன் சொல்வானே, அதே குரல்.

"எதையும் மூணு தடவை சொல்றது விசிலோட பழக்கம்மா," என்றார் காவலாளி. "மூணு மாசமா இப்படித்தான். நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம்."

கால் மணி நேரம் கழித்து இடைவேளை சைரன் ஊதியது. அவள் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மஞ்சள் கோடு வரைக்கும் போகலாம் என்று காவலாளி விட்டார். கிரேன்காரர் ஏணியில் இறங்கிவந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரது இடது தோளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க."

கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பக்கம் வந்து கூப்பிடு."

தம்பி எதிரில் நின்றிருந்தான். முழங்கையில் தோல் உரிந்து சிமெண்டும் ரத்தமும் கலந்திருந்தது. அவள் மனதில் பட்டது அவன் சொன்னதுதான், காயம் அல்ல.

"உனக்குத் தெரியுமா?"

"மூணு மாசமா தெரியும்."

"தெரிஞ்சுமா கீழ நின்னே?"

"தெரிஞ்சதாலதான் நின்னேன். வேற ஒருத்தனா இருந்தா ஒரு தடவைதான் சொல்லுவான்." குரலைத் தாழ்த்தினான். "கூண்டுல ரேடியோ இடது பக்கம் மாட்டியிருக்கு. வலது பக்கம் மோட்டார் இரைச்சல். இடம் மாத்திக் கேட்டா ஏன்னு கேப்பாங்க. முதல் தடவை சொல்றது அவருக்கு ஏதோ சத்தம்னு படறதுக்கு. ரெண்டாவது, தலையைத் திருப்பறதுக்கு. மூணாவதுதான் கேக்கறதுக்கு."

அதற்குள் கிரேன்காரர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டார். முதலில் அவர் முகத்தில் வந்தது பயம். "என்ன ஆச்சு? பொண்ணுக்கு ஏதாவதா?"

அவள் சுற்றிக்கொண்டு அவரது வலது பக்கம் வந்தாள். "ஒண்ணும் இல்லீங்க. ஆம்ப்ளிஃபயர் வந்துடுச்சு."

"சரியாயிடுச்சா?"

"அது கெட்டுப் போகவே இல்லீங்க."

அவர் அங்கிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். கையுறையையே பார்த்தார். "தெரியும். ரெண்டாவது தடவையே தெரியும்."

"அப்புறம் எதுக்கு மூணாவது தடவை?"

"பெட்டியிலதான் கோளாறுன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடமாட்டாங்களான்னு பார்த்தேன்."

பிறகு தம்பிதான் ஆரம்பித்தான். "அக்கா, நீ வீட்டுக்குப் போ. ரெண்டரைக்கு இன்னொரு மோட்டார் இருக்கு. அதோட இந்தக் குழி வேலை முடிஞ்சிடும். அப்புறம் எல்லாம் கண்ணுக்குத் தெரியற லோடுதான்."

"இன்னிக்கு எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?"

"அதெல்லாம் தள்ளித்தான்."

"கையை வெச்சுக் காட்டு."

அவன் அத்தானைப் பார்த்தான். பிறகு ஒரு உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மற்றதை அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் அக்காவிடம் ஒரு பொய் உருப்படியாகச் சொல்லத் தெரியாத பிள்ளை.

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். ஒரு முனையை அவன் நெஞ்சில் வைத்து, மறு கை வரை இழுத்துப் பார்த்தாள். ஒன்பது அங்குலம். இரண்டு வயதுக் குழந்தைச் சட்டைக்கு அவள் வைக்கும் தோள் அகலம்.

அந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கேட்டில் இருந்த நோட்டு அவர் கையில் இருந்தது. கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. "நீங்கதானேம்மா இது? காரணம் எழுதாம விட்டுட்டீங்க. சும்மா ஒரு வரி போதும். வீட்டு விஷயம்னு போட்டாக்கூட சரிதான்."

நோட்டும் பேனாவும் அவள் கைக்கு வந்தன. வீட்டு விஷயம். எவ்வளவு சுலபம். தம்பி கண்ணாலேயே வேண்டாம் என்றான். கிரேன்காரர் எழுந்து நின்றார்.

அவள் அவருடைய வலது காதின் பக்கம் நெருங்கினாள். "உங்களுக்குக் கேக்கணும்னுதான் இந்தப் பக்கம் நின்னு சொல்றேன். நான் எழுதப்போறேன். என்னை எவ்வளவு வேணா வெறுத்துக்குங்க."

அவர் அவளைத் தடுக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. கையுறையை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை.

தையல்காரி எழுதினாள். முதல் எழுத்து 'இ'. பிளாஸ்திரியில் அவர் எழுதுவது போலவே கோணலாக விழுந்தது. 'இடது காது கேட்காது' என்று முடித்து, அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போன கடைசி எழுத்தையும் போட்டு, நோட்டைக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு அடிவயிறு வரை போனது.

அதிகாரி படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் முழங்கையைப் பார்த்தார். அவனுடைய 'மூணு தடவை' பழக்கம் அவருக்கும் தெரிந்ததுதானே.

"இது கீழ நிக்கறவருக்குத் தெரியுமா?" என்று கிரேன்காரரிடம் தணிந்த குரலில் கேட்டார். "தெரிஞ்சு மறைச்சிருந்தா இவர் மேலயும் நான் எழுதணும்."

தம்பியைக் காப்பாற்ற நினைத்தவள், அவனையும் சேர்த்தே அந்தக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டோம் என்பதை இப்போதுதான் உணர்ந்தாள். அவனுக்குத் தெரியாது என்று கிரேன்காரர் சொல்லிவிட்டால் போதும். நான் யாரிடமும் சொல்லவில்லை, மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார். அவளும் தம்பியும் அவரையே பார்த்தார்கள்.

ஆனால் அதிகாரி நின்றது அவருடைய இடது பக்கம். கிரேன்காரர் பைக்குள் போகாத கையுறையோடு போராடிக்கொண்டிருந்தார்.

தம்பி வாயைத் திறந்தான்.